மணியை எண்ணி நடந்தவர்கள்: மிலம் பள்ளத்தாக்கில் ஒன்பது நாள்

போன செப்டம்பர் கடைசியில் உத்தராகண்டில் ஜோஹார் பள்ளத்தாக்குக்கு நடைப்பயணம் போய்வந்தேன். பித்தோராகட் மாவட்டத்தில் முன்ஸியாரி என்று ஒரு மலை ஊர். அங்கிருந்து கோரிகங்கா ஆற்றை ஒட்டியே வடக்கே ஏறி, மிலம் என்ற கடைசிக் கிராமம் வரை போகும் பாதை இது. ஏறிப்போக ஐந்து நாள், மிலம் பனியாற்றைப் பார்க்க ஒரு நாள், திரும்ப மூன்று நாள். நாங்கள் நாலு பேர். எங்களோடு ஒரு வழிகாட்டி, ஒரு சமையல்காரர், சாமான் சுமக்க மூன்று கோவேறு கழுதைகள், அவற்றை ஓட்ட ஒரு பையன்.

எங்கே தங்கினோம், என்ன சாப்பிட்டோம் என்றெல்லாம் எழுத ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு சின்ன விஷயத்தால்.

எல்லைப் பகுதி என்பதால் வழியில் அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் மேலே போக முடியும். முதல் சாவடியில் எங்கள் நாலு பேரின் பெயர், அப்பா பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதினார்கள். வழிகாட்டியின் முறை வந்தபோது எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'கைடு – 1' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். வழிகாட்டியும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பழகிப்போன விஷயம் போல.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது 1868-ல் லண்டனின் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி தன் இதழில் வெளியிட்ட ஓர் அறிக்கை. நேபாளத்திலிருந்து லாசாவுக்கும், அங்கிருந்து பிரம்மபுத்திராவின் மேல்பகுதி வழியாகவும் போய் அளந்துவந்த ஒருவரின் பயணம் அது. தலைப்பில் 'பண்டிட்' என்ற சொல் இருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு குறி. அந்தப் பெயரில்லாத பண்டிட், நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே மிலம் கிராமத்துக்காரர். பெயர் நைன் சிங் ராவத்.

ஒதுக்குப்புறமான ஊர்தானா?

முதல் மூன்று நாள் பாதை ஒடுக்கமான பள்ளத்துக்குள்ளேயே போகிறது. லிலம், பக்டியார், ரில்கோட் என்று இரவுத் தங்கல்கள். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, கீழே இரைச்சலோடு கோரிகங்கா. சில இடங்களில் பாறையைக் குடைந்து, ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குத்தான் வழி. மண் சரிந்த இடங்களில் வழிகாட்டி முதலில் போய் நின்று, மேலே பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கடத்திவிட்டார். "பேசாம வாங்க சார், கல் உருண்டா சத்தம் கேக்கணும்" என்றார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்களில் இருவருக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை, ஆனால் அவர் மூச்சு வாங்கி நான் ஒருமுறையும் பார்க்கவில்லை.

ரில்கோட்டைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு அகலமாக விரிகிறது. மரங்கள் குறைந்து பூர்ஜ மரமும் புதர்களும் மட்டும் மிஞ்சுகின்றன. மர்தோலி, புர்ஃபு, பில்ஜு, மிலம் என்று வரிசையாகக் கிராமங்கள் வருகின்றன. எல்லாம் 11,000 அடியை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பவை. பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை இல்லை. பலகைக் கற்கள் உள்ளே சரிந்து கிடக்கின்றன. வாசல் நிலைகளில் நுணுக்கமான மரச்செதுக்கு மட்டும் சில இடங்களில் மிச்சம். ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் மாடக்குழி அப்படியே இருந்தது, தரையில் இடுப்பளவு காட்டுச்செடி.

நடைப்பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் இந்தப் பகுதியை 'வெளியுலகம் அறியாத பள்ளத்தாக்கு' என்ற மாதிரி எழுதுகிறார்கள். நானும் கிளம்பும்போது அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வரலாறு நேர்மாறாக இருக்கிறது. இது பல நூறு வருடம் ஒரு பெருவழி.

இங்கே வாழ்ந்தவர்கள் ஷௌகா என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்கள். ஆங்கிலேயர் ஆவணங்களில் போட்டியா. கோடையில் மிலம் போன்ற மேல் ஊர்கள், குளிர்காலத்தில் முன்ஸியாரியும் அதற்குக் கீழே உள்ள ஊர்களும் என்று வருடத்துக்கு இரண்டு வீடு இவர்களுக்கு. நடுவில் வியாபாரம். கீழேயிருந்து தானியம், வெல்லம், துணி மேலே போகும். திபெத்திலிருந்து உப்பு, வெண்காரம், கம்பளி கீழே வரும். சரக்கைச் சுமந்தவை ஆடுகள். இரண்டு பக்கமும் தொங்குகிற பையில் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நாங்கள் தடுமாறி நடந்த இதே பாதையில் போயிருக்கின்றன. முன்ஸியாரியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அந்த ஆட்டுப் பைகளைப் பார்த்தேன். ஓரத்தில் தோல் வைத்துத் தைத்த முரட்டுக் கம்பளி, தொட்டால் சாக்கு மாதிரி.

மிலத்துக்கு மேலே திபெத் போக மூன்று கணவாய்கள்: உண்டா துரா, ஜயந்தி துரா, குங்ரி பிங்ரி. மூன்றும் 17,000 அடிக்கு மேல். இடையில் தங்க வசதியான இடம் இல்லாததால் மூன்றையும் ஒரே மூச்சில் கடக்க வேண்டும். கடந்தால் கியானிமா சந்தை. ஒவ்வொரு ஜோஹார் வியாபாரிக்கும் திபெத் பக்கம் ஒரு 'மித்ர்' இருப்பார். பரம்பரையாகத் தொடரும் கொடுக்கல் வாங்கல் உறவு அது. அப்பா யாரோடு வியாபாரம் செய்தாரோ அவருடைய மகனோடு இவர் மகன். குளிர்காலம் வந்ததும் கீழே இறங்கி, நவம்பரில் ஜௌல்ஜிபி சந்தை, ஜனவரியில் மகர சங்கராந்திக்கு பாகேஷ்வர் சந்தை. திபெத்துக் கம்பளி அங்கேதான் கைமாறும்.

அப்படியென்றால் இந்த மக்களுக்குத் தெரிந்தது என்ன? வழி தெரியும். திபெத்திய மொழி தெரியும். எந்த மாதம் எந்தக் கணவாய் திறக்கும், எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் தெரியும். 1812-ல் மூர்கிராஃப்ட், ஹியர்சி என்ற இருவர் சாமியார் வேடத்தில் மானசரோவர் போய், திரும்பும் வழியில் சிக்கலில் மாட்டியபோது அவர்களுக்கு உதவியவர்கள் ஜோஹாரைச் சேர்ந்த தேப் சிங்கும் பீர் சிங்கும். வெள்ளைக்காரர்கள் இமயத்தைத் தாண்ட நினைத்தபோதெல்லாம் இந்தப் பள்ளத்தாக்கின் ஆட்களைத் தேடி வந்ததற்குக் காரணம் இந்த அறிவுதான்.

சுமையாளோடு போனவர் சர்வேயர் ஆன கதை

1855-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் அடோல்ஃப், ராபர்ட் இருவரும் மிலம் வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் காந்தப்புல ஆய்வுக்காக வந்தவர்கள். மிலத்தில் அவர்கள் வேலைக்கு எடுத்த ஆட்களில் மானி சிங்கும், அவருடைய உறவினர் நைன் சிங்கும் உண்டு. நைன் சிங்குக்கு அப்போது இருபத்தைந்து வயது. குடும்பத்தில் கடன். கூலிக்காகத்தான் போனார். ஆனால் திபெத், லடாக் என்று சுற்றிய அந்தக் காலத்தில் திசைகாட்டி, வெப்பமானி, காற்றழுத்தமானி எல்லாவற்றையும் கையாளக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து மிலம் அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஆனார். 'பண்டிட்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊரில் 'வாத்தியார்' என்று சொல்வது மாதிரி.

இங்கே சென்னைக்கு ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. இந்தியாவை அளக்கும் மாபெரும் முக்கோண அளவைப் பணி தொடங்கியது 1802-ல், பரங்கிமலைப் பக்கம். லாம்ப்டன் அங்கே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்து, எவரெஸ்ட் காலத்தில் டேராடூன் வரை வந்துசேர்ந்தது. இமயத்தின் இந்தப் பக்கத்துச் சிகரங்களைத் தூரத்திலிருந்தே அளந்துவிட்டார்கள். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் போக முடியவில்லை. திபெத்துக்குள் ஐரோப்பியருக்கு அனுமதி கிடையாது. லாசா எந்த அட்சரேகையில் இருக்கிறது என்றுகூட உறுதியாகத் தெரியாது. பரங்கிமலையில் ஆரம்பித்த கோடு மலைச்சுவரில் முட்டி நின்றது.

கேப்டன் மாண்ட்கோமரி ஒரு யோசனை சொன்னார். (கே2 சிகரத்துக்கு அந்தக் குறியீட்டைப் போட்டவர் இவர்தான்.) வெள்ளைக்காரன் போக முடியாவிட்டால் என்ன, எல்லைப்புற இந்தியர்கள் வியாபாரிகளாகவும் யாத்ரீகர்களாகவும் போய்வருகிறார்களே, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன? குமாவுன் கல்வி அதிகாரி எட்மண்ட் ஸ்மித் பரிந்துரைக்க, 1863-ல் நைன் சிங்கும் மானி சிங்கும் டேராடூனுக்குப் பயிற்சிக்குப் போனார்கள்.

பயிற்சி என்ன தெரியுமா? நடப்பது. ஏறினாலும் இறங்கினாலும் சமதரையானாலும் ஒரே அளவு அடி வைத்து நடப்பது. மைலுக்கு 2,000 அடி என்று கணக்கு. அதை எண்ண ஒரு ஜபமாலை. வழக்கமான 108 மணிக்குப் பதில் 100 மணிதான் இருக்கும். நூறு அடிக்கு ஒரு மணி தள்ள வேண்டும். ஒரு முழுச் சுற்று முடிந்தால் 10,000 அடி, அதாவது ஐந்து மைல். கையில் சுழற்றும் பௌத்தப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்பெழுதும் தாள். பெட்டியின் ரகசிய அடுக்கில் செக்ஸ்டன்ட். நட்சத்திரக் கோணம் பார்க்கக் கிடைமட்டப் பரப்பு வேண்டுமே, அதற்குப் பாதரசம். அதைச் சோழிகளுக்குள் அடைத்து எடுத்துப்போய், தேவைப்படும்போது பிச்சைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொள்வார்கள். ஊன்றுகோலுக்குள் வெப்பமானி. தண்ணீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கிறது என்று பார்த்தால் அந்த இடத்தின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். மேலே போகப்போகக் கொதிநிலை குறையும் அல்லவா, அதுதான் சூத்திரம்.

1865-ல் புறப்பட்டார்கள். சொந்த ஊர் வழியாக இல்லை, நேபாளம் வழியாக. எல்லையில் கிரோங் என்ற இடத்தில் அதிகாரிகள் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு இருவரும் பிரிந்து முயற்சி செய்ததில் நைன் சிங் வேறு வேடத்தில் உள்ளே நுழைந்தார். 1866 ஜனவரியில் லாசா. கையில் காசு தீர்ந்துபோய், அங்குள்ள வியாபாரிகளுக்கு இந்தியக் கணக்குமுறை சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். காஷ்மீர் வம்சாவளி வியாபாரிகள் இருவர் அவரைக் கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்கவில்லை. மேலே, கடிகாரத்தை அடகாக வாங்கிக்கொண்டு கடனும் கொடுத்தார்கள். ஒருநாள் தெருவில் அந்த கிரோங் அதிகாரியையே பார்த்துவிட்டு, வெளியே தலைகாட்டப் பயந்து இருப்பிடத்தை மாற்றிக்கொண்டார். அனுமதியில்லாமல் லாசா வந்த ஒரு சீனரின் தலையை நடுத்தெருவில் வெட்டியதை அவர் பார்த்திருந்தார். அடுத்தது தன் தலையாக இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தப் பயத்தோடு இரவில் சன்னல் வழியாக நட்சத்திரத்தை அளந்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து உயரம் பார்த்தார். லாசாவின் உயரம் அவர் கணக்கில் சுமார் 11,700 அடி. இன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 12,000. அட்சரேகை அநேகமாக அப்படியே பொருந்துகிறது. மொத்தம் 1,200 மைல், சுமார் 25 லட்சம் அடிகள், ஒவ்வொன்றையும் எண்ணி.

நான் எண்ணிப் பார்த்தேன்

இதை ஒருநாளாவது செய்து பார்க்கணும் என்று கிளம்பும்போதே நினைத்திருந்தேன். பாகேஷ்வர் கடைத்தெருவில் ஒரு துளசி மாலை வாங்கி, எட்டு மணியை அறுத்து எடுத்துவிட்டு நூறாக்கி வைத்திருந்தேன். நாலாவது நாள், ரில்கோட்டிலிருந்து மர்தோலி. தூரம் அதிகமில்லை, ஆனால் கடைசியில் நல்ல ஏற்றம்.

முதல் பத்து மணி சுலபமாக நகர்ந்தது. பிறகு ஓடை குறுக்கிட்டது. கல்லுக்குக் கல் தாவினால் அதை ஓரடி என்று எண்ணுவதா, ஒன்றரையா? கழுதைகள் எதிரே வந்து ஒதுங்கினேன், ஒதுங்கிய அடியைச் சேர்ப்பதா? பின்னால் வந்த நண்பர் "ஏங்க, தண்ணி பாட்டில் உங்க பையிலயா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான். அறுபத்து நாலா, எழுபத்து நாலா என்று தெரியவில்லை. நாலு தடவை இப்படி விட்டுப்போய்த் திரும்ப ஆரம்பித்தேன். மர்தோலி வந்து சேர்ந்தபோது என் மாலைக் கணக்குக்கும் போன் காட்டிய தூரத்துக்கும் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

பிரார்த்தனைச் சக்கரத்தின் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. குறிப்பை ஒளித்துவைப்பது அதன் ஒரு வேலை. இன்னொன்று, சக்கரம் சுழற்றி முணுமுணுத்துக்கொண்டு போகும் பக்தனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். யாராவது நெருங்கினால் உடனே சுழற்ற ஆரம்பித்துவிடலாம். எண்ணிக்கை தப்பாது.

நைன் சிங்கின் உறவினர் கிஷன் சிங், இவரும் மிலம்காரர், இன்னும் ஒரு படி மேலே போனார். 1878-ல் கிளம்பி லாசா வழியாக வடக்கே மங்கோலிய எல்லைப் பக்கம் வரை போய் 1882-ல்தான் திரும்பினார். கொள்ளையர் பயம் உள்ள பகுதியில் கூட வந்தவர்கள் அவரைக் குதிரையில் ஏறச் சொல்லிவிட்டார்கள். நடந்தால்தானே எண்ண முடியும்? அவர் குதிரையின் காலடியை எண்ணினார். கூட வந்த ஒருவன் பணத்தோடு ஓடிவிட்டான். கடைசிவரை கூட இருந்தவர் சும்பேல் என்பவர். வீடு திரும்பியபோது கிஷன் சிங்கின் ஒரே மகன் இறந்துபோயிருந்தான். சர்வே ஆவணங்களில் வெகுகாலம் கிஷன் சிங்கின் பெயர் 'ஏ.கே.' மட்டுமே. பெயரின் எழுத்துக்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்த சங்கேதம்.

பெயரை மறைத்ததற்கு நியாயம் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் வெளியே தெரிந்தால் அடுத்த பயணத்தில் உயிர் போகும். லண்டன் இதழ்களை யார் யார் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்தபின் பெயரும் வந்தது, கௌரவமும் வந்தது. நைன் சிங்குக்கு 1877-ல் அதே சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. அரசு பட்டமும் நிலமும் கொடுத்தது. 2004-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. உமா பட்டும் சேகர் பாட்டக்கும் அவருடைய நாட்குறிப்புகளைத் தேடித் தொகுத்து 'ஏசியா கி பீட் பர்' என்ற இந்தி நூலாகக் கொண்டுவந்த பிறகு, அவர் குரலையே படிக்க முடிகிறது.

ஆனால் எனக்குக் கேள்வி நைன் சிங்கைப் பற்றியது மட்டுமில்லை. 1855-ல் ஷ்லாகின்ட்வைட்களோடு போனபோது அவர் கூலிக்கு வந்த ஒருவர். 1866-ல் லாசாவில் இருந்தபோது சர்வேயர். இடையில் அவர் கற்றது செக்ஸ்டன்ட் பிடிப்பதும் அடி எண்ணுவதும். வழி, மொழி, ஆள் பழக்கம், மலையில் உயிரோடு இருப்பது எப்படி என்பதெல்லாம் அதற்கு முன்பே அவரிடம் இருந்தவை, ஊரில் பலருக்கும் இருந்தவை. கருவி வந்தபிறகுதான் அதற்கு 'ஆய்வு' என்று பெயர். கருவி கைக்கு வராதவர்கள் 'வழிகாட்டி', 'சுமையாள்' என்று எண்ணிக்கையாகவே நின்றுவிட்டார்கள். சும்பேல் நாலு வருடம் கிஷன் சிங்கோடு அதே தூரத்தை நடந்தவர். அவருக்குப் பதக்கம் எதுவும் கிடையாது.

மூடிய கதவு

ஐந்தாம் நாள் மாலை மிலம் போய்ச் சேர்ந்தோம். குமாவுனின் மிகப் பெரிய கிராமங்களில் ஒன்றாக இருந்த ஊர். சந்துசந்தாக வீடுகள். ஒரு காலத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகள் வழி தவறிவிடுவாள் என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம், வழிகாட்டி சொன்னார். இப்போது புகை வந்த வீடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். கோடையில் சில குடும்பங்கள் வந்து உருளைக்கிழங்கும் பாப்பரையும் போடுகிறார்கள், குலதெய்வத்துக்குப் பூஜை செய்துவிட்டு அக்டோபரில் இறங்கிவிடுகிறார்கள். மற்றபடி எல்லைக் காவல் படையின் முகாம்தான்.

இங்கே என்ன நடந்தது? 1954-ல் இந்தியாவும் சீனாவும் திபெத் வணிகம் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டன. வியாபாரிகளும் யாத்ரீகர்களும் கடக்கலாம் என்று ஆறு கணவாய்களின் பெயரை அது சொல்கிறது. குங்ரி பிங்ரி அதில் ஒன்று. எட்டு வருட ஒப்பந்தம். 1962 ஜூனில் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. அக்டோபரில் போர். கணவாய் மூடியது. லிபுலேக் போன்ற வேறு கணவாய்களில் 1992-க்குப் பிறகு வியாபாரம் திரும்ப ஆரம்பித்தது. குங்ரி பிங்ரி இன்றுவரை திறக்கவில்லை.

வியாபாரம் நின்றால் மேலே வருவதற்குக் காரணமே இல்லை. ஆடுகளை விற்றார்கள். திபெத் பக்கம் மித்ர்களிடம் பாக்கி நின்ற கடன் நின்றதுதான். 1967-ல் போட்டியாக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். படித்தவர்கள் அரசு வேலைகளுக்குப் போனார்கள், நல்ல பதவிகளுக்கும் வந்தார்கள். ஊர்தான் காலியானது. ஆக, இந்தப் பள்ளத்தாக்கு 'ஒதுக்குப்புறம்' ஆகி அறுபது வருடம்தான் ஆகிறது. இயற்கை அப்படி ஆக்கவில்லை. ஒரு கோடு ஆக்கியது. திபெத்தை உலகத்தின் வரைபடத்தில் சரியான இடத்தில் வைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள், பிறகு அதே மாதிரி வரைபடங்களை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு நாடுகள் சண்டை போட்டபோது முதலில் வாசல் மூடப்பட்டதும் இவர்களுக்கு. எனக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆறாம் நாள் பனியாற்றின் முகம் வரை போனோம். வழிகாட்டி வழியில் ஒரு பாறையைக் காட்டி, அவர் சின்னப் பையனாக இருந்தபோது பனி இதுவரை இருந்தது என்றார். இப்போது அங்கிருந்து இன்னும் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. திரும்பும்போது ஊருக்குள் ஓர் இடத்தில் நின்றார். இடிந்த வீடு. நிலைப்படி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"எங்க தாத்தா வீடு சார். அப்பா இதுலதான் பொறந்தார். கடைசி வருஷம் தாத்தா குங்ரி பிங்ரி வரைக்கும் போய்ட்டு ஆட்டையெல்லாம் திருப்பிட்டு வந்தாராம். அதுக்கப்புறம் அவர் மேல வரவே இல்ல."

ஒன்பது நாளில் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அதிகபட்சம் இவ்வளவுதான். அதுவரை நான் அவரை முன்ஸியாரியில் நிறுவனம் அமர்த்திய ஓர் ஆளாகத்தான் நினைத்திருந்தேன். தன் வீட்டு வாசலுக்கு வெளியூர்க்காரர்களைச் சம்பளத்துக்குக் கூட்டிவருகிறார் என்று தோன்றவே இல்லை. எங்கள் சாவடிப் பதிவேட்டுக்கும் எனக்கும் அந்த அளவில் பெரிய வித்தியாசமில்லை.

முன்ஸியாரியிலிருந்து மிலம் வரை பல வருடங்களாகச் சாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாறையைக் குடையும் சத்தம் கீழ்ப் பகுதிகளில் எங்களுக்கும் கேட்டது. ராணுவத் தேவைக்கான சாலை. அது முடிந்தால் ஒன்பது நாள் நடை ஒருநாள் ஜீப் பயணம் ஆகிவிடும். எங்களில் ஒருவர் "அப்புறம் இதோட அழகே போயிடும்" என்றார். வழிகாட்டி சிரித்தார். "ரோடு வந்தா கிழவிங்களும் பூஜைக்கு வருவாங்க சார். எங்க அம்மா மிலம் பாத்து இருபது வருஷம் ஆச்சு." சாலை வந்தால் அவருக்குப் பாதி வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும்தானே என்று கேட்டேன். "தெரியும்" என்றார்.

கீழே இறங்கியதும் அதே சாவடியில் வெளியேறும் பதிவு. இந்த முறை நான் முந்திக்கொண்டு, வழிகாட்டி பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அங்கே இருந்தவர் வேறு ஆள். ஒன்றும் சொல்லாமல் பேனாவையும் பதிவேட்டையும் அவர் பக்கம் தள்ளினார். வழிகாட்டி இந்தியில் நிதானமாக எழுதினார். பெயர், அப்பா பெயர். ஊர் என்ற இடத்தில், அவர் பிறந்தது முதல் வாழும் முன்ஸியாரியை எழுதவில்லை. மிலம் என்று எழுதினார்.

இந்தக் கட்டுரையில் அவர் பெயரைப் போடலாமா என்று போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "ஊர் பேரைச் சரியா எழுதுங்க சார், அது போதும்."

எழுதியிருக்கிறேன். மிலம். அங்கே போகிறவர்கள் யாராக இருந்தாலும், கூட வருகிறவரிடம் முதல் நாளே கேளுங்கள், அவருடைய மேல் ஊர் எது என்று. நான் ஆறாம் நாள்தான் தெரிந்துகொண்டேன்.